சுப்பாராவின் பேப்பர் கணக்கு

உயிர்வேதியியலாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ் எத்தனை பேப்பர் எழுதினார் என்று எண்ண உட்கார்ந்தால் பெயரிலேயே தடுக்கிவிடும். ஆங்கிலத்தில் சேர்த்து ஒரு விதம், பிரித்து ஒரு விதம், நடுவில் பெரிய எழுத்துப் போட்டு இன்னொரு விதம். கணினிக்கு மூன்று பேர். இனிஷியலோடு வாழும் நம் ஆட்களுக்கு இது பழகிய தொல்லைதான். அப்பா பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகிவிடும். இதற்காகவே ஆய்வாளர் ஆளுக்கொரு எண் என்று ஆர்கிட் (ORCID) வந்தது 2012-ல்.

*

பிறந்தது பீமவரம், 1895. படித்தது சென்னை மருத்துவக் கல்லூரி. கதர் கட்டியதில் அறுவைப் பேராசிரியருக்குக் கோபம்; எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, ஒரு படி குறைந்த எல்.எம்.எஸ்.தான். அதை வைத்துக்கொண்டு பாஸ்டன் போனவர்.

*

பெயர் நிலைத்தது 1925 பேப்பரால். ஜர்னல் ஆஃப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரி. எழுதியது ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க்கும் இவரும். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் வழி. புரதத்தை அமிலத்தில் திரிய வைத்து வடிகட்டு, தெளிந்த நீரில் அமோனியம் மாலிப்டேட் விடு, அதன்பின் ஒடுக்கி ஒன்று. சில நிமிடத்தில் நீலம் ஏறும். பாஸ்பேட் எவ்வளவோ அவ்வளவு நீலம். பயோகெமிஸ்ட்ரி பிராக்டிகலில் டெஸ்ட் டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தவர்களுக்கு ‘பிஸ்க்-சுப்பாராவ்’ ஒரே ஆளின் பெயர் மாதிரித்தான் பதிந்திருக்கும்.

தசைச் சாற்றில் மட்டும் நீலம் உடனே ஏறவில்லை. மெதுவாக, நேரம் போகப்போகக் கூடிக்கொண்டே வந்தது. ரீஏஜென்ட் கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்கலாம். இவர்கள் கொட்டவில்லை. எதிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் பாஸ்பேட் அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது என்று பிடித்தார்கள். அதுதான் பாஸ்போகிரியேட்டின், 1927. தசைக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே அதற்குப்பின் வேறு பக்கம் திரும்பியது. 1929-ல் தசையின் இன்னொரு சக்திப்பொருள், ஏ.டி.பி.; அதே வருடம் ஜெர்மனியில் லோமனும் கண்டார்.

*

இதில் மேற்கோள் குவிந்தது எதற்கு? தசை பற்றிய கண்டுபிடிப்புக்கு அல்ல, அளவுமுறைக்கு. யூஜின் கார்பீல்டு 1960-களில் மேற்கோள் அட்டவணையை அச்சிட ஆரம்பித்த பிறகு வந்த ‘அதிகம் சுட்டப்பட்டவை’ பட்டியல்களில் இடம்பிடித்தது 1925 பேப்பர்தான். உலகத்திலேயே முதலிடம் லௌரியின் 1951 பேப்பருக்கு; அதுவும் புரதம் அளக்கும் முறை. 2014-ல் நேச்சர் இதழ் எண்ணியபோது அதன் மேற்கோள் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. வாட்சன்-கிரிக்கின் டி.என்.ஏ. பேப்பர் முதல் நூறிலேயே இல்லை. தப்பு என்று சொல்லமாட்டேன். அரிவாள்மனை இல்லாமல் சமையல் நடக்காது. ஆனால் எண்ணிக்கையை ஆளின் அறிவுக்கு எடைக்கல்லாக வைக்கும்போதுதான் கோளாறு.

*

அப்படி ஆளை எடைபோட ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் கொடுத்த எச்-இன்டெக்ஸில் ஒரு பேப்பரை எத்தனை ஆயிரம் பேர் சுட்டினாலும் அது ஒன்றுதான். சுமாராகச் சுட்டப்படும் பேப்பர்களை நிறைய எழுதியவர் சுப்பாராவை லேசாகத் தாண்டிவிடுவார். பதவி உயர்வுக் கமிட்டிகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்: கட்டுரையைப் படிக்க வேண்டாமே.

*

சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தர வேலை தரவில்லை. பிஸ்கிடம் வேலை பார்த்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் (1988 நோபல்) பிற்காலத்தில் சொன்னது இது: சுப்பாராவ் பிரித்தெடுத்த சிலவற்றை வெளியே வரவிடாமல் பிஸ்க் அமுக்கினார், வேறு ஆட்கள் பல வருடம் கழித்துத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. எழுதாத பேப்பரை எந்த அட்டவணையில் தேடுவது?

*

1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். வேலை பெருத்தது, பெயர் ஒதுங்கியது. போலிக் அமிலத்தின் அமைப்பையும் தயாரிப்பையும் சொன்ன 1946 சயன்ஸ் கட்டுரையில் பதினாறு பேர், இரண்டு குழுவாக, ஆங்கில அகரவரிசையில். வேலையை நடத்திய சுப்பாராவ் ஏழாவது. யானைக்கால் மருந்து டி.இ.சி. பற்றிய 1947 கட்டுரையில் கடைசிப் பெயர். ரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து நோய் தற்காலிகமாகத் தணிந்ததை பாஸ்டன் மருத்துவர் பார்பர் எழுதியது 1948 ஜூனில். மருந்து வந்தது லெடர்லேயிலிருந்து, ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை. லெடர்லேயின் ஆன்டிபயாட்டிக் ஆரியோமைசின் பற்றிய கட்டுரையில் அங்கே வேலை பார்த்த டக்கர் ஒருவர்தான். அதே 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் போய்விட்டார், 53 வயது.

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள் போடும் அந்த மாத்திரைச் சீட்டை மருந்துக்கடைக்காரர் கத்தரித்துக் கொடுக்கிறார். டி.இ.சி.யைச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கொடுத்தார்கள். விழுங்கியவர் யாரும் அடிக்குறிப்புப் போடுவதில்லை. லேப் ரிப்போர்ட்டில் ‘சீரம் பாஸ்பரஸ்’ என்று ஒரு வரி. மெஷின்கள் இப்போது நீலம் வரும்வரைகூடக் காத்திருப்பதில்லை, அதற்கு முந்தைய படியையே புற ஊதாக் கதிரில் அளந்துவிடுகின்றன.

*

1953-ல் சாக்கடைநீர் வடிகட்டியில் கிடைத்த ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். தாவரவியல் வழக்கப்படி அந்தப் பெயரை முழுமையாக எழுதும்போது பக்கத்தில் பெயர் வைத்தவரின் பெயரும் வரும்: ஹெசல்டைன்.