கேட்கக் கற்பிக்கும் கருவி

‘அமெச்சூர்’ என்னும் சொல்லைச் சற்றே ஏளனத்தோடுதான் உலகம் பயன்படுத்துகிறது. தேர்ச்சியற்றவர், அரைகுறையாகக் கற்றவர், பொழுதுபோக்குக்காகச் செய்பவர் என்பதே அதற்கு வழங்கும் பொருள். ஆனால் அச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. ‘அமாத்தோர்’ என்றால் அன்பு செய்பவர். ஊதியத்துக்காக அன்றி, செயலின்மீது கொண்ட அன்பினாலேயே அதைச் செய்பவர் எவரோ அவரே அமெச்சூர். குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தோடு போராடிய நாள்களில் கற்ற இச்சொல், ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நமக்கு ஆறுதல் தரும் சொல்லாயிற்று. கித்தார் வாசிப்பில் நாம் அமெச்சூரே. இனி வேறொன்றாக ஆகப்போவதும் இல்லை.

பங்கு இல்லத்தில் இரவு உணவுக்குப் பின் கிடைக்கும் அரைமணி நேரமே நமது இசை நேரம். நம்மிடம் இருப்பது மின்னிணைப்பு வேண்டாத, மரத்தால் ஆன, ஆறு உலோகக் கம்பிகள் கொண்ட எளிய கித்தார். பணிமாற்றம் வரும்போதெல்லாம் புத்தகப் பெட்டிகளோடு அதுவும் ஊர் மாறும். சில ஆண்டுகளாக அந்த அரைமணி நேரத்தின் ஒரு பகுதியை ஒலிப்பதிவுக்கென்று ஒதுக்கி வருகிறோம். “பதிவு பண்ணி யாருக்கு அனுப்பப் போறீங்க ஃபாதர்?” என்று பங்கு இளைஞர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பாடகராகும் எண்ணமோ விற்பனை செய்யும் நோக்கமோ இல்லாதவர், தாம் வாசிப்பதைத் தாமே பதிவு செய்வானேன்? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரை.

1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகரத்துக்கு அருகிலுள்ள ஓபர்ண்டார்ஃப் என்னும் சிற்றூர். அங்கே உதவிக் குருவாக இருந்த யோசேப்பு மோர், தாம் 1816இல் எழுதிய கவிதை ஒன்றை, பள்ளி ஆசிரியரும் ஆர்கன் இசைஞருமான பிரான்ஸ் சேவர் குரூபரிடம் கொடுத்தார். குரூபர் அதற்கு இசையமைக்க, அவ்விரவே இருவரும் அதைப் பாடினர்; மோர் கித்தார் வாசித்தார். ‘சைலன்ட் நைட்’ என்று உலகமே அறிந்த பாடல் அதுதான். மோர் தம் கைப்பட எழுதிய இசைப்பிரதி ஒன்று 1995இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே சொற்கள் இருக்கின்றன, இசைக்குறிப்பு இருக்கிறது. ஆனால் அவ்விரவின் ஒலி? அந்தக் குளிரில் கம்பிகள் எப்படி ஒலித்தன, பாடியவர்களின் மூச்சு எங்கே இடைவெளி விட்டது, மக்களில் யார் இருமினார்கள் என்பதை எவரும் இனி அறிய முடியாது. எடிசன் தமது ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கியது 1877இல். அதற்குள் மோர், குரூபர் இருவரும் மண்ணுலக வாழ்வை முடித்துவிட்டனர்.

ஒலியைப் பிடித்து வைக்கும் ஆற்றல் நெடுங்காலம் பெரிய நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய சிறு கேசட் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது. 1979இல் டாஸ்காம் நிறுவனத்தின் ‘போர்ட்டாஸ்டுடியோ’ வந்தது. சாதாரணக் கேசட்டிலேயே நான்கு தனித்தனி ஒலித்தடங்களைப் பதிவு செய்ய அது வழிவகுத்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் நியூ ஜெர்சியில் தம் வீட்டு அறையில் அமர்ந்து, அத்தகைய கருவி ஒன்றில் கித்தாரோடு சில பாடல்களைப் பதிந்தார். பின்னர் தம் இசைக்குழு கற்றுக்கொள்ள உதவும் மாதிரி என்றே அதை அவர் கருதினார். குழுவினர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அப்பாடல்களை வாசித்துப் பார்த்தனர். ஆனால் வீட்டுக் கேசட்டில் இருந்த உயிர் அதில் வரவில்லை. முடிவில் அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்னும் இசைத்தட்டாக அதே ஆண்டில் வெளிவந்தது. அறையின் எளிமை அப்பாடல்களுக்குக் குறையாகவில்லை. அதுவே அவற்றின் குணமாயிற்று.

இன்றோ, நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. தொடங்க விரும்புவோருக்கு நாம் சொல்வது இதுவே: முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, மூன்றடி தள்ளி அமர்ந்து வாசியுங்கள். பதிவை உடனே கேட்காதீர்கள். மறுநாள் கேளுங்கள். வாசித்த கையின் நினைவு ஆறிய பின்னரே காது நடுநிலையோடு தீர்ப்பளிக்கும்.

மறுநாள் கேட்பவர் யாராயினும் முதலில் திடுக்கிடுவார். எளிய பகுதிகளில் தாளம் விரைகிறது. கடினமான பகுதிகளில் தயங்குகிறது. விரல் இடம் மாறும்போதெல்லாம் கம்பியில் கீச்சென்று ஓர் ஒலி. மூச்சு விடும் ஓசை, சட்டைப் பொத்தான் மரத்தில் உரசும் ஓசை. வாசிக்கும்போது இவை எதுவும் செவியில் விழுவதில்லை. மனம் தான் விரும்பிய இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பதிவுக் கருவியோ நிகழ்ந்ததை மட்டுமே கேட்கிறது. இரவுச் செபத்தில் அந்த நாளைத் திரும்பிப் பார்த்து மனச்சான்றை ஆய்ந்து பழகியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று.

இரண்டாம் பாடம், அறையைப் பற்றியது. அறையின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். சிமென்டுச் சுவர்களும் மொசைக் தரையும் உள்ள வெற்று அறையில் ஓசை சுவருக்குச் சுவர் தெறித்து உலோகத்தன்மையோடு திரும்பி வரும். நம் பகுதி வீடுகளுள் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையே. அதற்கெனக் கடையில் நுரைப்பலகை வாங்க வேண்டியதில்லை. மெத்தை, கம்பளி, துணி நிறைந்த அலமாரி, ஒழுங்கற்று அடுக்கிய புத்தகங்கள் ஆகிய யாவும் ஒலியை உள்வாங்கும், அல்லது சிதறடிக்கும். நமது இல்லத்தில் திருவுடைகள் தொங்கும் பெரிய அலமாரி ஒன்று உண்டு. அதன் இரு கதவுகளையும் திறந்து வைத்து அதை நோக்கி அமர்ந்து வாசித்தால் எதிரொலி பெருமளவு அடங்கிவிடுகிறது.

மின்விசிறியை நிறுத்த வேண்டும். வியர்வையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பதிவில் கலந்தால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் இயக்கிப் பாருங்கள். பல வேளைகளில் அது போதும். காகம், பேருந்து, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி ஆகியவை அடங்கும் பொழுதுக்காகக் காத்திருக்க வேண்டும். ஓர் இடத்தின் ஓசைகள் எப்பொழுது எழுந்து எப்பொழுது ஓய்கின்றன என்பதை, பல ஆண்டுகள் அங்கே வாழ்வதைவிடச் சில இரவுகள் பதிவு செய்வதால் நன்கு அறியலாம்.

இவ்விரண்டும் கைவந்த பின் கருவி வாங்கலாம். ஒலிவாங்கி ஒன்று, அதைக் கணினியோடு இணைக்கும் ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ என்னும் சிறு பெட்டி ஒன்று, ஹெட்போன் ஒன்று. இவை மூன்றே போதும். கணினியில் பதிவு செய்ய 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் ‘ஒடாசிட்டி’ போன்ற மென்பொருள்கள் உண்டு. ஒலிவாங்கிகளில் ‘டைனமிக்’ வகை முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். ஆயினும் மென்மையான ஒலிகளை அவ்வளவாகப் பற்றாது. ‘கண்டென்சர்’ வகை நுட்பமானது. அதற்கு இன்டர்ஃபேசிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் தர வேண்டும். மரக் கித்தாரின் மெல்லிய ஒலிக்குப் பெரும்பாலோர் தேர்வது இதையே. ஆனால் இதே நுட்பத்தால் அறையின் குறைகளையும் அது முழுமையாகப் பதிந்துவிடும். அறையைத் திருத்துமுன் கண்டென்சர் வாங்குவது, வீடு பெருக்குமுன் விளக்கைப் பெரிதாக்குவது போன்றது.

ஒலிவாங்கியை எங்கே வைப்பது? எல்லார்க்கும் முதலில் தோன்றுவது கித்தாரின் வட்டத் துளைக்கு நேர் எதிரே. அங்கே வைத்தால் பதிவு பானைக்குள் பேசுவதுபோல் குமுறும். கித்தாரின் உள்ளே அடைபட்ட காற்று, நொடிக்கு ஏறத்தாழ 100 அதிர்வுகள் என்னும் அளவில் தானே முழங்கும் தன்மையுடையது. அம்முழக்கம் வெளியேறும் வாயில் அத்துளையே. மாறாக, வீணையில் மெட்டு என்கிறோமே, கித்தாரில் ஃபிரெட் எனப்படும் அவற்றுள் பன்னிரண்டாவதற்கு எதிரே, 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் வையுங்கள். மரத்தின் ஒலியும் கம்பியின் ஒலியும் அங்கே இணக்கமாகக் கலந்து வரும். அங்கிருந்து நான்கு விரற்கடை நகர்த்தினாலே ஒலி மாறும். விலையுயர்ந்த கருவி தரும் மாற்றத்தைவிட இம்மாற்றம் பெரிது.

ஒலியின் அளவை உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். எண்முறைப் பதிவில் பூச்சியம் டெசிபல் என்பது கூரை. அதைத் தாண்டும் அலையின் முகடு வெட்டுப்பட்டுவிடும். பின்னர் எதனாலும் அதை மீட்க முடியாது. மிகவும் உரக்க வாசிக்கும் இடத்தில் மைனஸ் 12 அளவில் நிற்குமாறு வைத்தால் போதும். குறைவாக இருப்பதைப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். கம்பிகளைப் பொறுத்தவரை, கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அவற்றை விரைவில் மங்கச் செய்யும். புதுக் கம்பி மாட்டினால் ஓரிரு நாள் வாசித்துப் படியவிட்டுப் பதிவு செய்வதும், ஒவ்வொரு முறையும் வாசிக்குமுன் சுருதி சேர்ப்பதும் நலம்.

இனி, சற்றுக் கடினமான கேள்விக்கு வருவோம். பதிந்ததை வெட்டலாம், ஒட்டலாம். பிழையான ஒரு சுரத்தை எடுத்துவிட்டு, வேறொரு முறை சரியாக வாசித்ததை அங்கே பொருத்தலாம். கேட்பவர் அறியமாட்டார். இது பொய்யா? தொழில்முறை இசைத்தட்டுகளில் இது அன்றாடம் நடப்பது. அவற்றைப் பொய் என்று சொல்லோம். பலமுறை திருத்தி எழுதிய கட்டுரையும் பொய்யன்று. ஆனால் எந்த நோக்கத்துக்காகப் பதிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். நிறைவான ஒரு பாடலை உலகுக்குத் தருவது நோக்கமானால் திருத்தலாம். கற்பது நோக்கமானால், திருத்திய பதிவு ஆசிரியரின் வாயை அடைப்பதாகும். நாம் கடைப்பிடிக்கும் முறை எளியது: ஒரு பாடலுக்கு மூன்று முறை. மூன்றனுள் மேலானதை வைத்துக்கொள்கிறோம். வெட்டுவதில்லை.

இதிலே நமக்கு உறுதியைத் தந்தவர் நம் தாயார். வயது 80ஐக் கடந்தவர். ஊரில் தம்பியின் வீட்டில் இருக்கிறார். முன்பெல்லாம் நாம் பணிமாற்றம் பெற்ற ஒவ்வொரு பங்குக்கும் வந்து, சமையலறை முதல் கிணற்றடி வரை பார்த்துச் செல்வார். முழங்கால் வலியால் இப்போதைய ஊருக்கு அவரால் வர இயலவில்லை. இனி வருவார் என்னும் நம்பிக்கையும் குறைவே. சென்ற ஆண்டு, அவர் எங்களைத் தூங்கவைக்கப் பாடிய தாலாட்டின் மெட்டைக் கித்தாரில் வாசித்துப் பதிவு செய்தோம். மூன்றனுள் நன்றாக அமைந்த பதிவின் நடுவே, சுவரிலிருந்த பல்லி ஒன்று தெளிவாக ஐந்தாறு முறை ஒலித்திருந்தது. அவ்வோசையை நீக்கவும் மென்பொருளில் வழி உண்டு. நீக்காமலே தம்பியின் கைப்பேசிக்கு அனுப்பினோம்.

அன்றிரவு தாயார் பேசினார். “பாட்டு நல்லா இருந்துச்சு சாமி” என்றார். பிறகு, “நடுவுல பல்லி சொல்லுச்சே, கேட்டீங்களா? பழைய வீடா சாமி? ஒட்டடை அடிக்க ஆள் வருதா?” என்று விசாரித்தார். சற்றுப் பொறுத்து, “பெரிய ரூமு போல. தனியாவா இருக்கீங்க?” என்றார்.

தாம் காணாத, காணப்போகாத ஓர் இல்லத்துக்குள் அவர் அந்த நான்கு நிமிடங்களில் வந்துபோய்விட்டார். அறையின் அளவை எதிரொலியிலிருந்து அறிந்தார். வீட்டின் வயதைப் பல்லியிடமிருந்து அறிந்தார். மகனின் தனிமையைச் சுற்றியிருந்த அமைதியிலிருந்து அறிந்தார். நாம் அனுப்பியது ஒரு மெட்டு. அவர் கேட்டது ஒரு வாழ்வு. தூய்மையான பதிவுக்காக நாம் அலமாரியைத் திறந்து, விசிறியை நிறுத்திப் போராடுவது தேவையே. ஆயினும் எவ்வளவு போராடினாலும் எஞ்சி நிற்கும் அந்தச் சிறிதளவு உலகத்தை முற்றிலும் துடைத்தெறிய வேண்டியதில்லை என்பதை அன்று தெளிந்தோம்.

அந்த இளைஞரின் கேள்விக்கு இதுவே நமது விடை. நமது இடக்கை மோதிரவிரல் காலை வேளைகளில் மடங்க மறுக்கிறது. மருத்துவர் அது வயதின் வரவு என்கிறார். இன்று வாசிக்கும் சில பாடல்களைப் பத்தாண்டுகளுக்குப் பின் வாசிக்க இயலாது போகலாம். தாயாரின் நினைவிலுள்ள தாலாட்டுகளும் அவரோடு போய்விடலாம். அன்புக்குரியவற்றை அவை இருக்கும்போதே கவனமாகக் கேட்பதும், கேட்டதை இயன்ற வரையில் காத்துவைப்பதும் அமெச்சூரின் வேலை. அன்பு செய்பவரின் வேலை.

முடிவாக ஒன்று. பதிவு செய்தவுடன் நாள், ஊர், பாடலின் பெயர், வாசித்தவர் அல்லது பாடியவர் பெயர் ஆகியவற்றை நீங்களே உங்கள் குரலில் அதன் தொடக்கத்தில் சொல்லிப் பதியுங்கள். இரண்டு படிகள் எடுத்து இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். பெயரில்லாத பதிவு, பெயர் பொறிக்காத கல்லறை போன்றது. உள்ளே இருப்பவர் யார் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்.