யாழ்ப்பாணத்தில் மறதிநோயருக்கு இல்லம் பார்த்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதியோர் இல்லங்களுக்குக் குறைவில்லை. மறதிநோயருக்கென்றே கட்டி, அதற்கென்றே ஆள் பழக்கி நடத்தும் இல்லம்தான் அரிது. கைதடியில் வடக்கு மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் கீழ் அரச முதியோர் இல்லம் இயங்குகிறது. சுழிபுரத்தில் சிவபூமி அறக்கட்டளையின் முதியோர் இல்லம் இருக்கிறது. இவற்றைவிடத் திருச்சபைகள் நடத்துபவை, கோயிலையும் தர்மத்தையும் நம்பி நடப்பவை, போருக்குப் பின் வெளிநாட்டுக் காசில் எழுந்த கட்டண இல்லங்கள் என்று பல வகை உண்டு. பெரும்பாலானவை தொடங்கப்பட்டது ஆதரவற்ற முதியவருக்குச் சோறும் கூரையும் கொடுப்பதற்காக. தானே எழும்பி, தானே குளித்து, மணி அடித்ததும் சாப்பிட வரக்கூடிய ஒருவரை மனத்தில் வைத்தே அவற்றின் கட்டடமும் நேரசூசியும் ஆளணியும் அமைந்திருக்கின்றன. மறதிநோயர் இந்த மூன்றையும் செய்ய இயலாதவர். இன்று செய்தாலும் சில காலத்தில் இயலாமற் போகிறவர்.

ஆகவே லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்துகொண்டு ஊரிலுள்ள தாய்க்கோ தகப்பனுக்கோ இடம் தேடுகிற பிள்ளை, "இடம் இருக்கா?" என்று தொடங்குவதில் பயனில்லை. இந்த நோயோடு ஒருவரைச் சேர்ப்பீர்களா, நோய் முற்றிய பிறகும் வைத்திருப்பீர்களா என்ற இரண்டையும் முதலிலேயே கேட்டுவிடவேண்டும். படுக்கையில் விழுந்தால் வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் வாய்ப்பேச்சாகவே இருக்கும். அதை எழுத்தில் வாங்காமல் சேர்ப்பவர், மிக மோசமான நாளொன்றில் தொலைபேசியில்தான் அதைக் கேட்க நேரும்.

இலங்கையில் 65 வயதுக்கு மேற்பட்டோர் 2012 கணக்கெடுப்பில் 7.9 வீதமாக இருந்தனர். 2024 இல் அது 12.6 வீதம். ராகமையில் நடந்து 2003 இல் வெளியான ஆய்வு, அந்த வயதினரில் ஏறத்தாழ 4 வீதமானோருக்கு மறதிநோய் இருந்ததைக் கண்டது. யாழ்ப்பாணத்தின் தனிச்சிக்கல் இந்த எண்களுக்கு வெளியே இருக்கிறது. "அறளை பேர்ந்திட்டுது" என்று சொல்லி வீட்டோடு வைத்துப் பார்த்த காலத்தில் அந்த வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒழுங்கையில் தடுமாறி நடந்தால் தெரிந்தவர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார். இன்று அதே வீட்டில் ஒரு முதியவரும், மாதச் சம்பளத்துக்கு வந்து போகும் ஒரு பெண்ணும், வெளிநாட்டிலிருந்து பார்க்கப் பூட்டிய கமராவும் இருக்கின்றன. பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது.

இல்லம் தேடும் முன் நோய் உறுதிப்பட வேண்டும். தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, விழுந்ததில் மூளையைச் சுற்றிக் கசிந்த இரத்தம், ஏற்கெனவே குடிக்கும் மருந்து ஆகியவையும் மறதியைத் தோற்றுவிக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலும் இதைப் பார்க்கலாம். எந்த வகை மறதிநோய் என்பதை வைத்தியர் எழுதித் தந்த கடிதம், பிறகு மருந்து விடயத்தில் உயிர் காக்கும் தாளாகக்கூடும்.

புலம்பெயர்ந்தவருக்கு இல்லம் மதிப்பிடும் பழக்கம் பெரும்பாலும் வாழும் நாட்டில் கிடைத்தது. இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணைக்குழு ஒவ்வொரு இல்லத்தையும் சோதித்து, மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது என்று நான்கு தரத்தில் ஒன்றை இட்டு அறிக்கையை எவரும் வாசிக்க வெளியிடுகிறது. ஒன்ராறியோவில் குடும்பம் ஐந்து இல்லங்கள் வரை தெரிந்து வரிசையில் நிற்கலாம். பரிசோதகரின் அறிக்கைகள் பொதுவில் கிடைக்கும். அந்த நாடுகளில் வளர்ந்த பிள்ளைக்கு, ஊரில் ஓர் இல்லத்துக்குப் "பதிவு இருக்கிறது" என்றதும் அதே பொருள் தோன்றிவிடுகிறது. இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தேசிய முதியோர் சபையை உருவாக்கி, முதியோரை வைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவு செய்யவேண்டும் என்கிறது. பதிவைக் கட்டாயம் கேட்கவேண்டும். பதிவில்லாத இடத்தை அத்தோடு விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பத்திரம் இல்லம் இருப்பதைச் சொல்லுமே தவிர, உள்ளே ஒருவர் எப்படிக் குளிப்பாட்டப்படுகிறார் என்பதைச் சொல்லாது. பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் பேசினால், எழுதாத பல செய்திகள் கிடைக்கும். மிச்சத்தைக் குடும்பமே சோதித்துப் பார்க்கவேண்டும்.

அந்தச் சோதனையைக் கிணற்றிலிருந்து தொடங்கலாம். யாழ்ப்பாணத்து வளவு எதுவும் கிணறு இல்லாமல் இராது. இல்லமாக மாற்றப்பட்ட பழைய வீடுகளில் அது கொல்லைப்புறத்தில், முழங்கால் உயரக் கட்டோடு திறந்தே கிடக்கும். ஐம்பது வருடம் கிணற்றடியில் குளித்த உடம்பு, விடியற்காலையில் வாளியைத் தேடித் தானாகவே அங்கே போகும். இரும்பு வலையால் மூடிப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்தது படலை: அதைப் பூட்டி வைப்பது மட்டும் போதாது, உள்ளே சுற்றி நடக்க வழி இருக்கவேண்டும். வெளியே போகவும் முடியாமல் உள்ளே நடக்கவும் முடியாமல் ஒருவரைக் கதிரையில் இருத்தி வைக்கும் இடத்தில் கால்கள் சில மாதங்களில் மடங்கிவிடும். மினுக்கிய சீமெந்து நிலம் மாரியில் வழுக்கும்; நோயருக்கு அந்த மினுக்கம் தண்ணீராகவும் தெரியும், கால் வைக்கத் தயங்குவார். மலசலகூடம் கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியுமிடத்தில், இரவு முழுக்க வெளிச்சத்தோடு, பிடிகம்பியோடு இருக்கவேண்டும். குந்தியிருக்கும் மலசலகூடம் மட்டும் உள்ள இல்லம் இந்த நோய்க்கு உதவாது.

எப்போது போய்ப் பார்ப்பது என்பதில்தான் வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெரும்பாலும் ஏமாறுகிறார். நல்லூர்த் திருவிழாவோடு ஓகஸ்டில் வருவார். முதல்நாளே சொல்லிவிட்டு, காலை பத்து மணிக்கு வாகனத்தில் போய் இறங்குவார். முற்றம் கூட்டியிருக்கும், எல்லோருக்கும் திருநீறு பூசியிருக்கும். மதியத்தில் வடை பாயாசத்தோடு சாப்பாடு. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் வெளிநாட்டார் ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பது குடாநாட்டில் வழமையாகிவிட்டதால், மதியச் சாப்பாட்டை வைத்து எந்த இல்லத்தையும் எடைபோட முடியாது. பார்க்கவேண்டியது இரவுச் சாப்பாட்டை. போகவேண்டியது சொல்லாமல், மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில்.

அந்த நேரத்தில்தான் இந்த நோய் தன் முகத்தைக் காட்டும். பொழுது சாயச் சாயப் பதற்றம் ஏறும். "வீட்டை போகவேணும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு படலையடியில் நிற்பார்கள். அப்போது பணியாளர் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தால் இல்லத்தின் தரம் பாதி தெரிந்துவிடும். "இதுதான் உங்கட வீடு, பேசாம இருங்கோ" என்று சத்தம் போடுகிறவர் ஒரு வகை. "ஓம் அம்மம்மா, போவம். இந்தத் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போவம்" என்று கையைப் பிடித்து விறாந்தையில் இரண்டு சுற்று நடத்திக் கூட்டிவருகிறவர் இன்னொரு வகை. இரண்டாவது வகையினர் ஒருவராவது எல்லா நேரமும் இருக்கும் இல்லம், ஓட்டுக்கூரை ஒழுகினாலும், மற்றதைவிட மேல்.

ஆளணியைக் கணக்காகவே கேட்கவேண்டும். ஒன்ராறியோவின் 2021 ஆம் ஆண்டுச் சட்டம், தாதியரும் உதவியாளரும் சேர்ந்து குடியிருப்பவர் ஒருவருக்கு ஒரு நாளில் சராசரி 4 மணிநேர நேரடிப் பராமரிப்புக் கொடுப்பதை இலக்காக வைத்தது. 30 பேர் உள்ள ஓர் இல்லத்தில் பகலில் நால்வரும் இரவில் ஒருவரும் 12 மணிநேரம் வேலை செய்தால் மொத்தம் 60 மணி. ஆளுக்கு 2 மணி. சமைப்பவரையும் முற்றம் கூட்டுபவரையும் ஆளணியில் சேர்த்துச் சொன்னால் அது இன்னும் குறையும். இரவில் இருக்கும் அந்த ஒருவர் விழித்திருக்கிறாரா, கதவைச் சாத்திவிட்டுப் படுக்கிறாரா? ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் போதனா வைத்தியசாலைக்கு யார் கூட்டிப்போவது, மற்ற 29 பேரோடு யார் நிற்பது? இதற்கு உடனே பதில் வராவிட்டால், அந்த இல்லத்தில் இரவு என்பது திட்டமிடப்படவில்லை என்று கொள்ளலாம்.

மருந்து அலமாரியையும் பார்க்கக் கேட்கலாம். ஆள் போதாத இடத்தில் அமைதி குளிசையால் வருகிறது. மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒரு பிரிவு மறதிநோயுள்ள முதியவரின் மரண ஆபத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005 இல் எச்சரித்தது. இங்கிலாந்தில் 2009 இல் வந்த பனர்ஜி அறிக்கை, ஏறத்தாழ 1,80,000 மறதிநோயருக்கு அவை கொடுக்கப்பட்டதையும், அதனால் ஆண்டுக்கு 1,800 மரணங்கள் கூடுதலாக நேர்வதையும் கணித்தது. லூயி உடல் வகை மறதிநோயருக்கு ஹலோபெரிடோல் போன்றவை மிகவும் ஆபத்து; வைத்தியரின் கடிதம் உதவுவது இங்கேதான். ஒருவர் திடீரென்று கத்தினாலோ சுருண்டு படுத்தாலோ முதலில் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் தண்ணீர் குறைவும் பார்க்கப்படுகின்றனவா என்று கேட்கவேண்டும். குடாநாட்டு வெயிலில் தண்ணீர் கேட்கத் தெரியாத ஒருவர் இரண்டு நாளில் வாடிவிடுவார். கட்டில் காலில் சேலைத்துண்டு முடிந்திருந்தால் அது எதற்கு என்று கேட்பதில் கூச்சப்படக் கூடாது.

சாப்பாட்டில் ருசியைவிட விழுங்குவதே முக்கியம். நோய் முற்றும்போது விழுங்கும் ஒழுங்கு குலையும். அப்போது உதிரிப் புட்டு மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடிய சாப்பாடு. சொதி விட்டுக் குழைத்துக் கொடுக்கிறார்களா, நிமிர்த்தி இருத்திக் கொடுக்கிறார்களா, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையில் பொறுக்கிறார்களா என்பதை நின்று பார்க்கவேண்டும்.

ஊரில் இல்லம் தேடுவதற்கு வலுவான காரணம் மொழி. பின்னாளில் கற்ற ஆங்கிலமோ ஜேர்மனோ பெரும்பாலும் முதலில் அழிகிறது. ரொறன்ரோ இல்லமொன்றில் எவருக்கும் புரியாத தமிழில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கும் தகப்பனைத் திருப்பிக் கொண்டுவரும் குடும்பங்கள் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் மொழியோடு நினைவும் காத்திருக்கிறது. பழைய நினைவுகள் புதியவற்றைவிட நெடுநாள் நிற்கும் நோய் இது. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த இலட்சக்கணக்கானோரில் ஒருவருக்கு, கோயில் வெடிச் சத்தம் எறிகணைதான். "பங்கருக்குள்ள போவம்" என்று கட்டிலுக்கடியில் புகுகிறவரின் அவசரம் 2000 க்குப் பிறகு பிறந்த பணிப்பெண்ணுக்குத் தானாக விளங்காது. ஆகவே சேர்க்கும்போது குடும்பம் ஒரு தாள் எழுதிக் கொடுக்கவேண்டும்: வீட்டில் கூப்பிட்ட பெயர், செய்த வேலை, சகோதரர் பெயர்கள், குளிக்கும் பழக்கம், எதற்குப் பயம் என்பவை. அந்தத் தாளில் இன்னொன்றும் இருக்கவேண்டும், குடும்பங்கள் எழுதக் கூசினாலும். நோய் நாக்கின் கட்டை அவிழ்க்கும். ஒரு காலத்தில் மறைத்துவைத்த சாதி வசை பணியாளரின் முகத்துக்கு நேரே வரும், அவர் கையால் தண்ணீர் வாங்க மறுப்பதும் நடக்கும். முன்கூட்டியே சொல்லி, அந்தப் பணியாளரை இல்லம் எப்படிக் காக்கும் என்று கேட்பது குடும்பத்தின் கடமை. அவமானப்பட்ட கை மென்மையாக ஊட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

காசு விடயம் சுருக்கமானது. மாதக் கட்டணத்தில் பம்பஸ், மருந்து, வைத்தியசாலையில் கூட நிற்கும் ஆள் ஆகியவை அடங்குமா என்பதை எழுதி வாங்கவேண்டும். காணியை எழுதித் தந்தால் சாகும்வரை பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடங்கொடுக்கவே கூடாது. நோய் தொடங்கிய பிறகு வைத்த கையொப்பமும், முன்பு கொடுத்த அற்றோணித் தத்துவமும் பிற்பாடு செல்லுமா என்பது சட்டத்தரணியிடம் கேட்கவேண்டியது. அறிவுத் தெளிவை இழந்தவரின் சொத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றம் ஒருவரை நியமிக்கலாம். ஆலோசனைக்குக் கொழும்பு மருதானையில் 2001 முதல் இயங்கும் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷனை நாடலாம்.

சேர்த்த பிறகும் சோதனை முடிவதில்லை. வட்ஸ்அப்பில் "அம்மா சாப்பிட்டாவோ?" என்றால் "ஓம், வடிவாச் சாப்பிட்டவ" என்றுதான் பதில் வரும். மாதமொரு முறை நிறை எவ்வளவு என்று கேட்பது அதைவிடப் பயன். முதுகிலும் குதிக்காலிலும் புண் இருக்கிறதா என்று ஊரிலுள்ள ஓர் உறவினர் போய்ப் பார்க்கவேண்டும். அவருக்கு ஓட்டோக் காசும் கொடுக்கவேண்டும். இரண்டு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தால், கமராவில் முகம் எவ்வளவு சிரித்தாலும், ஆளை அனுப்பவேண்டிய நேரம் அது.

வெளிநாடுகளிலுள்ள ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இந்த இல்லங்களுக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்கின்றன, கல்லில் பெயர் பொறிக்கின்றன, மதியச் சாப்பாடு கொடுக்கின்றன. இரவுப் பணியாளரின் சம்பளத்துக்கு உபயகாரர் கிடைப்பது அரிது. அடுத்த பிறந்தநாள் வரும்போது வடை பாயாசத்தை நிறுத்தி, அந்தக் காசை இரவில் விழித்திருக்கும் இன்னொருவரின் மாதச் சம்பளத்துக்குக் கொடுங்கள்.