மழைக்கு மேடு, கோடைக்குப் பள்ளம்

மூன்று சகோதரர்கள் கிணற்றை ஆழப்படுத்தியபோது விநாயகர் வெளிப்பட்டார். மக்கள் உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலத்தில் பாய்ந்தது என்பது காணிப்பாக்கத்தின் தலபுராணம். காணி என்றால் ஏறத்தாழ 1.32 ஏக்கர். சித்தூரை அடுத்த அந்த ஊரில் வசிக்கும் ஒரு மூதாட்டிக்குத் தேவைப்பட்டதோ பத்தடிக்கு நாலடி மட்டுமே.

மூட்டுவலியால் அவரால் தரையில் குந்த முடியவில்லை. "கத்தரிக்காயைச் சந்தையிலே வாங்கிக்கலாம் அத்தை" என்றார் மருமகள். அத்தை கேட்கவில்லை.

பேரனைக்கொண்டு நிலத்தோரம் கிடந்த கற்களைச் சேர்த்தார். சிமென்ட் இல்லாமல் ஒன்றரை அடி உயரத்துக்கு அடுக்கியாயிற்று. விளிம்பில் உட்கார்ந்தால் நடுப்பகுதி கைக்கு எட்டவேண்டும். நாலடி அகலம் அதற்குத்தான். அடியில் பட்ட கிளைகள், காய்ந்த இலை, கரும்புச் சோகை. மேலே தோட்டத்து மண்ணும் மக்கிய சாணமும். செலவு, சாணம் கொண்டுவந்த வண்டிக் கூலி மட்டும்.

ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டுச் செடிகள் நீர் தேங்கி அழுகின. தையில் மேட்டுப்பாத்தியில் கத்தரி காய்த்தது. ஆனால் மழையில் நீரை வடிக்கும் மேடு, கோடையில் சீக்கிரமே காயும். பங்குனியில் மண் இரு வேளையும் தண்ணீர் கேட்டது. சோகையால் மூடியும் போதவில்லை. கிணற்றிலோ நீர் இறங்கிவிட்டது. குடம் சுமந்தவர் மருமகள்.

ஒருநாள் மூதாட்டியே சொன்னார்: "சித்திரை, வைகாசிக்கு இது சும்மா கிடக்கட்டும்மா. கீரைக்கு மட்டும் கீழே ஒரு பள்ளப்பாத்தி போடு."

மேடு அத்தைக்கு; குனிந்து பார்க்கவேண்டிய பள்ளம் மருமகளுக்கு. சந்தைப் பேச்சை இப்போது இருவருமே எடுப்பதில்லை.