கரையேறிய கப்பலும் வாடகை சைக்கிளும்

தூத்துக்குடியில் தோணி, பேப்பூரில் உரு, குஜராத்தின் மாண்ட்வியில் வஹான். பெயர்தான் வேறு. உப்புநீரும் புழுவும் மரத்தை அரிப்பது எங்கும் ஒன்றுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைப் புரட்டிப்போடும்போது, கட்ச் கடற்கரையின் மரக்கப்பல்கள் கரையொதுங்குகின்றன. மாலுமிக்கு அது ஓய்வு, கப்பலுக்கு வைத்தியம்.

வஹான் ஒன்றில் பங்கு வைத்திருக்கும் நண்பருடன் ஓர் ஆகஸ்ட் மாதம் அங்கே நான்கு நாள் தங்கினேன். ருக்மாவதி ஆற்றங்கரையில், ஊரை ஒட்டியே கப்பல் பட்டறைகள். முட்டுக்கொடுத்து நிறுத்திய கப்பல்கள் மாடி வீடுகளுக்குச் சமமாக நிற்கின்றன.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் கொட்டலசைச் சுரண்டுகிறார்கள். பிறகு தச்சர் சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டிக் கேட்கிறார். நல்ல மரம் கணீரென்கிறது. உளுத்த மரம் மந்தமாக முனகுகிறது. அடுத்து, பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறுக்க வேண்டும். கலப்பத்து என்று தமிழில் இதற்குப் பெயர். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். கடைசியில் அடிப்பூச்சு.

ஓதம் ஏறி அடிமரத்தை நனைத்தால் வேலை நிற்கும். பூச்சு உலரும்போதும் நிற்கும். அந்த இடைவெளிகள்தான் ஊர் சுற்றும் நேரம். அதற்கு வாடகை சைக்கிளே தோது. நடந்தால் கடைத்தெருவைத் தாண்ட மாட்டோம். காரில் ஏறினால் புஜ் வரை போகத் தோன்றும். சைக்கிள் என்றால் தச்சர் போன் செய்த அரைமணியில் பட்டறைக்குத் திரும்பிவிடலாம்.

முதல் நாள் பழைய ஊர். 1580-ல் முதலாம் ராவ் கெங்கார்ஜி நிறுவிய துறைமுகம் இது. மஸ்கட், சான்சிபார் வணிகத்தில் சேர்ந்த செல்வம் இன்னும் வணிகர் வீடுகளின் முகப்பில் தெரிகிறது. தபேலி பிறந்ததும் இங்கேதான். பன்னுக்குள் உருளைக்கிழங்கு மசாலா, மேலே வேர்க்கடலை, மாதுளை முத்து; சைக்கிள் மிதித்த பசிக்கு இரண்டு வேண்டும்.

இரண்டாம் நாள் கிராந்தி தீர்த்தம். லண்டனில் இந்தியா ஹவுஸை நிறுவிய ஷ்யாம்ஜி கிருஷ்ண வர்மா 1857-ல் மாண்ட்வியில் பிறந்தவர். 1930-ல் ஜெனீவாவில் இறந்தார். அவரது அஸ்தி தாய்நாடு திரும்பியது 2003-ல்தான். 2010-ல் திறந்த நினைவிடத்தில் அந்த லண்டன் வீட்டையே மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள்.

அங்கே இருந்தபோதுதான் போன் வந்தது. அடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை முனகுகிறது. ஒட்டுப்போட்டால் வருகிற பௌர்ணமியின் பெரிய ஓதத்தில் கப்பலை இறக்கிவிடலாம். நாரியேலி பூர்ணிமா அது. கடலுக்குத் தேங்காய் கொடுத்துப் புதுப் பருவத்தைத் தொடங்கும் நாள். பலகையையே மாற்றினால் அமாவாசை ஓதம் வரை காத்திருக்க வேண்டும். பருவத்தின் முதல் சரக்கு கைமாறிப் போகும். கன்டெய்னர் கப்பல்கள் எட்டிப்பார்க்காத சோமாலியா, ஏமன் போன்ற நாடுகளின் சிறு துறைமுகங்களை நம்பிப் பிழைக்கும் தொழிலில், ஒரு சரக்கை விடுவது சின்ன விஷயமல்ல.

நண்பர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் தச்சரிடம் ஒரே வாக்கியம் சொன்னார்: "மாற்றிவிடுங்கள், அண்ணா." பத்துப் பன்னிரண்டு பேர் அந்தப் பலகையை நம்பித்தான் நடுக்கடலில் கண்ணயர்வார்கள்.

பௌர்ணமி கைவிட்டுப் போனதால் அவசரமும் போயிற்று. மேற்கே 8 கி.மீ. தொலைவிலுள்ள விஜய் விலாஸ் அரண்மனைக்குக் கிளம்பினோம். 1920-களில் எழுந்த செம்மணற்கல் மாளிகை. 'ஹம் தில் தே சுக்கே சனம்' (1999) படத்தில் பார்த்திருப்பீர்கள். போகும்போது எதிர்க்காற்று ஆளைத் தள்ளியது. மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரிகிறது: நுரையும் சேறுமாக, ஒரு பாய்மரம்கூட இல்லாமல். அதை நெடுநேரம் பார்த்த பிறகு நண்பர் பலகையைப் பற்றிப் பேசவே இல்லை.

புஜ்ஜிலிருந்து மாண்ட்வி சுமார் 60 கி.மீ.; பேருந்துகள் உண்டு. குளிர்காலமே பயணத்துக்கு இதமான பருவம். ஆனால் கடலோடிகளின் கவலை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க விரும்பினால் ஆகஸ்டில் போங்கள். கப்பலின் அடிவயிறு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.