ஆடிய கால்களுக்குரிய கூலி

கலைஞனுக்குக் கைதட்டலே போதும் என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் பலர் உளர். கச்சேரி முடிந்து வருபவரிடம், "பாட்டு எப்படி?" என்று கேட்போம், "பேசிய பணம் கைக்கு வந்ததா?" என்று கேட்க மாட்டோம். தச்சன் கதவு செய்து தந்தால் கூலி கேட்பது இயல்பு. வைத்தியர் மருந்து தந்தால் கட்டணம் வாங்குவது முறை. ஆனால் இரவு பத்து மணிவரை சலங்கை கட்டி ஆடிய பெண் தன் கூலியைக் கேட்டுவிட்டாளாயின், "கலையை விற்கிறாளே!" என்று முகஞ்சுளிக்கிறோம். ஆடியவர் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் முதலாளிமாருக்கு வாய்த்த பெருந்துணை, நமது இந்த முகச்சுளிப்பே என்பதை எடுத்துக் காட்டவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

நாம் வாழும் வஹகோட்டை, மாத்தளை மாவட்டத்தில் கலேவலைக்கு அண்மையில் உள்ள சிற்றூர். கண்டி மன்னர் காலந்தொட்டுப் போர்த்துக்கேய வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் என்பதும், இங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் யூன் மாதத்தில் பெருந்திரளான மக்கள் வருவர் என்பதும் பலர் அறிந்த செய்திகள். இதே மாவட்டத்திலேதான் தம்புள்ளைக் குகைக் கோயிலும் சீகிரியாக் குன்றும் உள்ளன. அவற்றைக் காண வரும் உல்லாசப் பயணிகளுக்காக விடுதிகளும் கிளப்புகளும் பெருகின. பயணிகள் இராவுணவு உண்ணும் வேளையில் அவர்களுக்கு முன் கண்டிய நடனமும் மேளமும் தீ விளையாட்டும் நிகழும். இடையிடையே நமது கரகமும் காவடியும் இடம்பெறுவதுண்டு. சுற்றுவட்டக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் இருந்து இளைஞரும் யுவதிகளும் அவ்வாறு ஆடப் போகிறார்கள். வீட்டில் அடுப்பெரிய அந்தப் பணம் உதவுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் கற்று வெளியேறிய மாணவி ஒருத்தி வேறு எட்டுப் பேருடன் சேர்ந்து ஒரு கிளப்பில் ஆடப் போனாள். அதன் பெயர் இங்கு வேண்டா. வாரத்தில் நான்கு இரவுகள். மாத முடிவில் சம்பளம். எல்லாம் வாய்ப்பேச்சு. முதல் மாதம் முடிந்தபோது, "பயணிகள் வரவு குறைவு, பொறுங்கள்" என்றார் முகாமையாளர். இரண்டாம் மாதம் கணக்கர் விடுமுறையில் இருந்தார். மூன்றாம் மாதமோ, உடைக்கும் உணவுக்கும் வாகனத்துக்கும் கழித்துப் பார்த்ததில் கொடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று விடை வந்தது.

பெண்ணின் தகப்பனார் நம்மிடம் வந்தார். வழக்குத் தொடர வழி கேட்க வந்தாரோ எனில், அன்று. அவளைத் தடுத்து நிறுத்துமாறு வேண்டவே வந்தார். "விட்டுருவோம் சேர். புள்ள கிளப்புல ஆடுனது ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்குக் கல்யாணம் காட்சி எப்படிங்க நடக்கும்?" என்றார். அருகில் நின்ற மகள் தலை நிமிராமலே, "ஆடுனதுல வெக்கமில்லப்பா. மூணு மாசம் ஆடிட்டு வெறுங்கையோட வாரதுதான் வெக்கம்" என்றாள். தகப்பனார் வாய் மூடிக்கொண்டார். நமக்கும் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஒன்பது பேரையும் ஒரு ஞாயிறு பிற்பகல் கூட்டினோம். பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, எந்தத் திகதியில் யார் யார் ஆடினர், எத்தனை மணிக்குச் சென்றனர், எத்தனை மணிக்குத் திரும்பினர், யார் வரச் சொன்னார் என்று இரவு இரவாக எழுதினோம். "வியாழன் ஏழு மணிக்கு வரவும்" என்பன போன்ற முகாமையாளரின் செய்திகள் கைத்தொலைபேசிகளில் இருந்தன. இரண்டாம் மாதம் முதல் வாயிற்காவலர் ஒரு புத்தகத்தில் அவர்களிடம் கையொப்பம் வாங்கியிருந்தார். முதல் மாதத்துக்கு மட்டும் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. எல்லாவற்றையும் தொகுத்து, ஒன்பது பேரும் ஒப்பமிட்டு, மாத்தளையிலுள்ள தொழில் அலுவலகத்துக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. விண்ணப்பம் எழுத மொழி தடையன்று.

விசாரணையன்று கிளப்புத் தரப்பினர், "இவர்கள் எமது ஊழியரல்லர், விருந்தினராக வந்து ஆடும் கலைஞர்" என்றனர். அதிகாரி மூன்று கேள்விகள் கேட்டார். ஆடும் நேரத்தைக் குறித்தவர் யார்? உடையைத் தேர்ந்தவர் யார்? வராதவருக்குத் தண்டம் விதித்தவர் யார்? மூன்றுக்கும் விடை ஒன்றே. இறுதியில் இரண்டு மாதச் சம்பளம் கழிவின்றி இரு தவணைகளில் வந்து சேர்ந்தது. எழுதப்படாத முதல் மாதம் காற்றோடு போயிற்று.

ஆடுவோர் கூலி கேட்பது இழிவு என்னும் எண்ணம் நமது முன்னோரிடம் இருந்ததா என்று பார்ப்போமாயின், வியப்பே மிஞ்சும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான். அவர்கள் ஒவ்வொருவரின் பெயர், எக்கோயிலிலிருந்து வந்தவர், எத்தெருவில் எவ்வீடு என்பனவெல்லாம் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு. பங்குடையவர் இறந்தால் அது யாருக்குச் சேரும் என்பதற்கும் கல்லிலே விதி உண்டு. அந்நெல்லை அளந்த மரக்காலின் பெயரே ஆடவல்லான்! ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஆடுவோர் கூலியை மாமன்னன் கல்வெட்டாக்கி வைத்தான். இன்றைய கிளப்புக்காரர் ஒரு தாளில் எழுதித்தரவும் தயங்குகிறார்.

கண்டி இராச்சியத்திலும் ஆடுவோருக்கு ஒரு முறை இருந்தது. பெரஹராவில் ஆடும் பரம்பரையினருக்கு விகாரைக்கும் தேவாலயங்களுக்கும் உரிய நிலங்களில் பங்கு உண்டு. நிலத்தை உண்டு சேவையைச் செய்வர். 1870 ஆம் ஆண்டில் வந்த சேவை நிலக் கட்டளைச் சட்டம் அந்தச் சேவைக்குப் பதிலாகப் பணம் செலுத்தவும் வழிவகுத்தது. இம்முறையில் குறைகள் பல இருந்தன. சாதிக் கட்டும் இருந்தது. எனினும் ஆட்டத்துக்கு ஈடு உண்டு என்பதை ஒருவரும் மறுக்கவில்லை.

பின்னர் தமிழகத்தில் கோயில் நடனமரபு நலிந்தது. 1935 இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறிய பின், நற்குடிப் பெண்கள் பரதம் பயில்வது பெருமையாயிற்று. அது பெரும் பேறே. ஆயினும் அதனோடு மற்றோர் எண்ணமும் புகுந்தது: பணம் கருதாது ஆடுவது உயர்வு, பணத்துக்கு ஆடுவது தாழ்வு. வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அது பொருந்தலாம். அடுப்பெரிய ஆடும் பிள்ளையை அது ஊமையாக்கிவிடுகிறது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்பதை மாணவரும் பெற்றோரும் அறிதல் நன்று. 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, மாதச் சம்பளம் மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் கொடுக்கப்படல் வேண்டும்; வாரச் சம்பளமாயின் 3 நாட்களுக்குள். சட்டம் இடங்கொடுத்த கழிவுகளைத் தவிர வேறு கழித்தல் ஆகாது. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், வேலைக்கு அமர்த்தும் நாளிலேயே நிபந்தனைகளை எழுத்தில் தரும்படி முதலாளியைப் பணிக்கிறது. ஆகவே எழுத்துக் கேட்பது சலுகை கேட்பதன்று. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்துதல் வேண்டும். கூலி கிடைக்காதவர் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவராயின், ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபையை நாடல் வேண்டும்.

ஆடுபவர் ஊழியரல்லர், ஒரு நாள் நிகழ்ச்சிக்கு ஒப்பந்தஞ் செய்தவரே என்று முடிவானாலும் வழி அடைபட்டுவிடாது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை உண்டு. அதற்கு அப்பால் நீதிமன்றம் உண்டு. ஆனால் காலம் காத்திராது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்கிட 6 ஆண்டு. வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டு. செய்த வேலைக்கான கூலிக்கு ஓராண்டு மட்டுமே. "அடுத்த சீசனில் தருகிறேன்" என்னும் சொல்லை நம்பி இரண்டு சீசன்கள் காத்திருப்பவர், தம் உரிமையைத் தாமே உறங்கவிடுகிறார்.

மற்றுமொரு செய்தி. 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டப்படி, ஏழு பேர் இருந்தால் சங்கம் பதிய விண்ணப்பிக்கலாம். மேளகாரரையும் சேர்த்து எண்ணினால் பெரும்பாலான ஆட்டக்குழுக்களில் ஏழு பேருக்குக் குறையார். தனியொருத்தி கேட்டால் "நாளை வராதே" என்பவர், ஒன்பது பேரும் ஒரே தாளில் ஒப்பமிட்டுக் கேட்டால் சற்றே யோசிப்பர்.

பிற நாட்டாரும் இவ்வழக்கைத் தீர்க்க முயன்று வருகின்றனர். இலண்டன் கிளப் ஒன்றில் ஆடிய பெண்ணின் வழக்கில், 2012 இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் ஊழியரல்லர் என்று தீர்த்தது. கிளப் அவருக்குக் கூலி கொடுக்கக் கடமைப்படவில்லை. அவரே கிளப்புக்குக் கட்டணம் செலுத்தி ஆடினார் என்பதே காரணம். யார் யாருக்குப் பணம் கொடுப்பது என்பதை முதல் நாளே தெளிந்து கொள்ளாதவருக்கு இது எச்சரிக்கை. மும்பை நடன அரங்குகள் பற்றிய வழக்கில், 2019 சனவரி 17 இல் இந்திய உச்ச நீதிமன்றம் பல கட்டுப்பாடுகளை நீக்கியபோதும், ஆடும் பெண்களுக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், ஊதியம் வங்கிக் கணக்கில் செலுத்தப்படல் வேண்டும் என்னும் விதிகளை நிலைநிறுத்தியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்டார் கார்டன் என்னும் கிளப்பில் ஆடிய பெண்கள் 2022 இல் போராடத் தொடங்கி, 2023 மே மாதத்தில் நாடக நடிகர் சங்கத்தில் சேர்வதற்கு 17 வாக்குகள் அளித்தனர். எதிர் வாக்கு ஒன்றுமில்லை. அரங்கும் உடையும் ஊருக்கு ஊர் வேறுபடலாம். ஆடியவர் கால்வலி ஒன்றே.

ஆதலின் இளைஞருக்கு நாம் சொல்வது இவ்வளவே. ஆடுமுன் எழுத்து வாங்குங்கள். முழுத்தாள் கிடைக்காவிடின் தொகையும் திகதியும் குறித்த ஒரு குறுஞ்செய்தியாவது இருக்கட்டும். ஆடிய ஒவ்வோர் இரவையும் கொப்பியில் குறித்து வையுங்கள். பகுதிப் பணம் தந்தால் பெற்றுக்கொண்டு, மீதி இவ்வளவு என்று எழுதிய பற்றுச்சீட்டையே கொடுங்கள். வெற்றுத்தாளில் ஒப்பமிடாதீர்கள், அடையாள அட்டையைக் கையளித்துவிட்டு வராதீர்கள். ஆத்திரத்தில் அரங்கப் பொருள்களைத் தூக்கி வருவதும் தகாது. நியாயம் கேட்கப் போனவர் குற்றவாளியாய் நிற்க நேரும். கேட்பதைக் கூடிக் கேளுங்கள். காலந் தாழ்த்தாது கேளுங்கள்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதோ இன்னும் சுருக்கமானது. பிள்ளை எங்கே ஆடுகிறாள் என்பதை மறைக்காதீர்கள். வீட்டார் மறைக்கும் வேலைக்குக் கூலி தராமல் விடுவது எளிது என்பதைப் பணம் பிடிப்பவர் நன்கறிவர். வரும் மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் தேர்கள் ஐந்தும் வீதிக்கு வரும். அங்கும், ஊர்க் கோயில்கள் எதிலும், கரகமெடுத்து ஆட வந்த குழுவினரைக் கண்டால், ஆட்டம் நன்று என்று சொல்வதோடு நின்றுவிடாமல், "பேசின காசு கைக்கு வந்ததா, தம்பி?" என்றும் கேட்போமாக. நாலு பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்தால், கொடுக்க வேண்டியவரின் கையும் தானே பைக்குள் போகும்.