புளியமரமும் நோட்டுப் புத்தகமும்

ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலையோரம் ஒரு புளியமரம் நிற்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும்போதெல்லாம் எங்கள் வண்டி அங்கே நின்றாக வேண்டும். எங்கள் மகன் இறங்கி, மரத்தைத் தொட்டுவிட்டு ஏறிக்கொள்வான். அவனுக்கு ஆட்டிசம். மூன்றாண்டுகளுக்கு முன் மழைக்கு அஞ்சி நிறுத்தாமல் சென்றோம். காவலூர் வானாய்வகத்தைக் கடந்தும் அழுகை ஓயவில்லை. திரும்பி வந்து மரத்தைத் தொட்ட பிறகே அடங்கினான்.

ஊரார் இதை அடம் என்பர். 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய மருத்துவர் லியோ கானர், எதுவும் மாறாதிருக்க வேண்டும் என்னும் இந்தத் தவிப்பை அப்போதே குறித்துவிட்டார். அது ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்று அறிவதுதான் கடினம். நம் நாட்டில் சான்றிதழுக்குப் பயன்படும் ஐஎஸ்ஏஏ அளவுகோல், 40 கூறுகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு ஆட்டிசத்தின் மொத்தக் கடுமையைச் சொல்லும். நெகிழாமை ஒன்றை மட்டும் தொடர்ந்து அளப்பது அதன் நோக்கமன்று. அதற்கெனவே பெற்றோர் நிரப்பும் 38 வினாக்கள் கொண்ட அளவுகோலை அமெரிக்க ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டனர்.

நாங்கள் செய்தது எளியது. ஒரு நோட்டில், என்ன மாறியது, அமைதியடைய எத்தனை நிமிடம் என்று எழுதி வந்தோம். ரமலானில் வீட்டின் உணவு நேரமே தலைகீழாகும் அல்லவா? முதல் ரமலானில் பெரும்பாலும் 40 நிமிடங்கள். அடுத்த ரமலானில் 10. அல்ஹம்துலில்லாஹ் என்று மகிழ்ந்தோம்.

நோட்டைப் படிக்கக் கேட்ட அவனுடைய பாட்டி, “அவன் கேட்கும் முன்னமே எல்லாம் நடக்கிறதே, எதற்கு அழுவான்?” என்றார். உண்மைதான். நோன்பிலும் அவனுக்கு ஒரு மணிக்கே அதே தட்டில் சோறு வைத்தோம்; விருந்தினரை வேறு அறையில் அமர்த்தினோம். குறைந்தது அவன் தவிப்பன்று, அவனுக்கு நேர்ந்த மாற்றங்கள். அன்றிரவே ‘நாம் விட்டுக்கொடுத்தது’ என்று மூன்றாவது பத்தி ஒன்றைக் கோடிட்டோம். அதை நேர்மையாக நிரப்புவதுதான் மிகவும் கடினமாக இருந்தது.

சென்ற மாதம் மலைக்குப் புறப்படுவதற்கு முதல்நாளே, மரத்தின் படத்தைக் காட்டி, “போகும்போது நில்லோம், வரும்போது நிற்போம்” என்று பலமுறை சொன்னோம். மரம் கடந்தது. அழுதான், 18 நிமிடங்கள். சாமை வயல்கள் தெரியத் தொடங்கியபோது கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். மாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். மூன்றாவது பத்தியில் எழுதினோம்: திரும்பும்போது, ஒருமுறை.