விதியும் விதிகளும்

தமிழில் 'விதி' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. தலையெழுத்து என்பது ஒன்று. சட்டம் வகுத்த ஒழுங்கு என்பது மற்றொன்று. முதற்பொருளை என் அப்பாயி எனக்குக் கற்றுத் தந்தாள். இரண்டாவதை நம் கல்லூரி நூலகத்தில் நானே தேடிக் கற்றுக்கொண்டேன். இவ்விரண்டுக்கும் இடையே என் அப்பாவின் மூன்று விரல்கள் போயின.

எங்கள் ஊர் கீழ்வேளூர். நாகைக்கும் திருவாரூருக்கும் இடையே, எத்திசை நோக்கினும் வயலாய் விரியும் ஊர். கேடிலியப்பர் கோயில் கொண்டிருக்கும் ஊர். கேடு இல்லாதவர்; ஆகவே கேடிலி. அவ்வூரின் அரவை மில் ஒன்றில் அப்பா வேலை பார்த்தார். வேலையாட்கள் மொத்தம் நான்கே பேர். ஒரு மோட்டார், ஒரு ஹல்லர், இரண்டையும் இணைத்து ஓடும் நீண்ட பெல்ட்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. நெல் மூட்டைகளோடு வாசல் வரை கூட்டம். நான் அப்பாவுக்குத் தூக்கில் சோறு கொண்டு போயிருந்தேன். பெல்ட் வழுக்கத் தொடங்கியது. வழுக்கினால் பசை தடவ வேண்டும்; மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் தடவ வேண்டும். "நிறுத்தாதீங்கண்ணே, இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும்" என்று கூட்டத்தில் ஒரு குரல். அப்பா நிறுத்தவில்லை. தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பெல்ட் முதலில் பற்றியது. துண்டை மீட்கப் போன கையை அடுத்துப் பற்றியது.

ஸ்விட்ச் எதிர்ச் சுவரில், அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால், எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. நான் குதித்தேன், எட்டவில்லை. மீண்டும் குதித்தேன். தவிடு அள்ளிக்கொண்டிருந்த அத்தை ஒருவர் ஓடிவந்து, மூட்டைமேல் ஏறி அணைத்தார். பத்து விநாடி இருக்குமா? இன்றும் சில இரவுகளில் நான் குதித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: விதி! "கேடிலியப்பா, எம்புள்ளைக்கு இப்படியா எழுதினே?" என்று அப்பாயி அழுதாள். மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்ட முதலாளியும் விதி என்றார். அப்பா மட்டும், "என் கவனக்குறைவு" என்றார். கம்பிவலைக் கூண்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஆம், கூண்டு ஒன்று இருந்தது. பெல்ட்டை மூடுவதற்கென்றே செய்யப்பட்டது. பசை தடவும்போதெல்லாம் நான்கு திருகாணிகளைக் கழற்ற வேண்டியிருந்ததால், ஒருநாள் கழற்றியவர்கள் பிறகு மாட்டவேயில்லை. மில்லின் பின்புறம் கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூட அது பயன்பட்டது. பருந்திடமிருந்து குஞ்சுகளைக் காத்த கூண்டு, பெல்ட்டிடமிருந்து விரல்களைக் காக்க அங்கே இல்லை.

வரலாற்று வகுப்பில் தொழிற்புரட்சிப் பாடம் நடந்தபோது எனக்கு அந்தக் கூண்டு நினைவுக்கு வந்தது. நூலகம் சென்று தேடினேன். ஓடும் எந்திரத்துக்கு வேலியிட வேண்டும் என்று இங்கிலாந்து 1844இலேயே சட்டம் செய்திருக்கிறது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்த ஆலைகளுக்கே அது பொருந்தியது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு எந்திரங்களுக்கு வேலி கேட்டது. ஓடும் எந்திரத்தைத் தொட்டுப் பார்க்க நேர்ந்தால், பயிற்சி பெற்றவரே, உடலோடு ஒட்டிய உடை அணிந்தே செய்ய வேண்டும் என்றது 22ஆம் பிரிவு. அவ்வுடையை வேலை கொடுப்பவரே தர வேண்டும் என்றும் சொன்னது. அந்த வரியைப் படித்தபோது அப்பாவின் துண்டு என் கண்முன் ஆடியது.

ஆனால் மின்விசை ஓடும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது பொதுவாகத் தொழிற்சாலை எனப்பட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 20. அருகில் நிற்பவர் நான்கு பேரா நாற்பது பேரா என்று பெல்ட்டுக்கு எண்ணத் தெரியுமா?

வேலையில் ஊனமுற்றோர்க்கு ஈடு வழங்க 1923இல் வந்த சட்டத்தின் அட்டவணையையும் பார்த்தேன். ஒரு கையின் மூன்று விரல்கள் போனால் உழைப்பாற்றலில் 30 விழுக்காடு இழப்பாம். அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் போட இன்றும் அம்மா வர வேண்டியிருக்கிறது. அது எத்தனை விழுக்காடு?

அப்பா சொன்ன 'கவனக்குறைவு' மட்டும் என்னை உறுத்திக்கொண்டேயிருந்தது. நம் இயற்பியல் பேராசிரியரிடம் கேட்டேன். அத்தகைய மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 முறை சுற்றும் என்றார். விநாடிக்கு 24 சுற்று! ஆபத்தைக் கண்டு கையை இழுக்கக் கால் விநாடி ஆனாலும், அதற்குள் மோட்டார் ஆறு முறை சுற்றிவிடும். எவ்வளவு கவனம் இருந்தால் அதை வெல்லலாம்? கவனம் பசியில் குறையும், தூக்கமின்மையில் குறையும், கூட்டத்தின் அவசரத்தில் குறையும். கூண்டுக்குப் பசியில்லை, தூக்கமில்லை, அவசரமில்லை.

இவ்வளவும் படித்த நான் என்ன செய்தேன்? சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கும் பெல்ட்டின் மூடி கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. கேட்டேன். "அது இடைஞ்சல் தம்பி" என்றார் முதலாளி. வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாள் அப்படியே ஓடியது.

மூன்றாம் நாள் அப்பா எனக்குத் தூக்கில் சோறு கொண்டு வந்தார். பெல்ட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, முதலில் போய் மோட்டாரை அணைத்தார். மூடியை எடுத்துப் பொருத்தி, பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே எஞ்சிய வலக்கையால் திருகாணியைத் திருகப் பார்த்தார். முடியவில்லை. நான் வாங்கித் திருகினேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்ற முதலாளி, நான்காவது திருகாணியைத் தாமே தேடி எடுத்துக் கொடுத்தார்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் விடுமுறையில் மில்லுக்கும் பட்டறைக்கும் வேலைக்குப் போகிறோம். மூடி எங்கே, ஸ்விட்ச் கைக்கு எட்டுகிறதா என்று முதல் நாளே கேளுங்கள். என்னைப்போல் மூன்றாம் நாள்வரை காத்திராதீர்கள். தலையில் எழுதிய விதியை நம்மால் படிக்க முடியாது. தாளில் எழுதிய விதியைப் படிக்கலாம். நான்கு திருகாணிகளைக் கொண்டு அதை மாட்டியும் வைக்கலாம்.